சிங்கி இறாலுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர்?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மீன் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். பிரான்சுக்கும் கனடாவுக்கும் சரக்கு போகப் போகிறதாம். அறுநூறு ஆங்கிலச் சொற்கள் உள்ள பட்டியலைக் கையில் கொடுத்து, எதிரே பிரெஞ்சுச் சொல்லைப் போட்டுக் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள். மீன் பெயர், வலை, படகு, பெட்டி மேல் அச்சடிக்கும் சொற்கள், ஊருக்கு வரும் வெளிநாட்டு விருந்தினரிடம் பேச வேண்டியவை எல்லாம் அதில் கலந்து கிடக்கின்றன. அவர் கேட்பது இதுதான்: "அக்கா, ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு பிரெஞ்சுச் சொல் என்று எழுதி மனப்பாடம் பண்ணிவிட்டால் போதாதா? செயலியில் போட்டால் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறதே?"

போதாது தம்பி. ஏன் என்று சொல்ல என் அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தங்கச்சிமடத்தில் பிறந்தவள். பிரெஞ்சு கற்றது காரைக்காலில். திரும்பி வந்து ராமநாதபுரத்தில் குடியிருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன், மொழிபெயர்ப்பும் செய்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்கு லேபிள் எழுதிக் கொடுத்தேன். சரக்கு, சிங்கி இறால். ஆங்கிலத்தில் 'லாப்ஸ்டர்' என்று இருந்தது. அதற்குக் கீழே அறிவியல் பெயர் 'பனுலிரஸ் ஹோமாரஸ்'. அகராதியில் லாப்ஸ்டருக்கு முதலில் நின்ற சொல் 'ஒமார்'. அறிவியல் பெயரிலும் 'ஹோமாரஸ்' இருக்கிறதே, பிறகென்ன சந்தேகம் என்று 'ஒமார்' என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். சரக்கை வாங்கியவர் அங்கிருந்து எழுதினார்: பெட்டிக்குள் இருப்பது 'லாங்கூஸ்த்', பெட்டி மேல் இருப்பது 'ஒமார்', இதை இப்படியே கடைக்கு அனுப்ப முடியாது. அத்தனை லேபிளையும் உரித்து, மறுபடி அச்சடித்து ஒட்டிய செலவு என் கூலியில் கழிந்தது.

ஒமார் என்பது அட்லாண்டிக்கின் குளிர்ந்த தண்ணீரில் வாழ்வது. முன்னால் இரண்டு பெரிய கவ்வுக்கால் இருக்கும். நண்டுக்கு இருப்பது போல, அதைவிடத் தடியாக. நம் மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சிங்கிக்கு அந்தக் கவ்வுக்கால் கிடையாது. அதற்குப் பதிலாக உடம்பைவிட நீளமான முள் மீசை உண்டு. ஆங்கிலம் இரண்டையும் லாப்ஸ்டர் என்கிறது. பிரெஞ்சு இரண்டையும் இரண்டு சாதியாகப் பார்க்கிறது. விலையும் வேறு, சமைக்கும் விதமும் வேறு. ஹோமாரஸ் என்ற சொல் நம்முடைய சிங்கியின் பெயரில் இரண்டாம் பாதியாக வருகிறது, ஐரோப்பிய ஒமாரின் பெயரில் முதல் பாதியாக வருகிறது. வெறும் பெயர் ஒற்றுமை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு உறுத்தியது காசு இல்லை. சிங்கி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் வலையிலிருந்து அப்பா அதைப் பிரித்தெடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "மீசையைப் பிடிக்காதே, ஒடிஞ்சா விலை போயிடும், முதுகைப் பிடி" என்பார். கவ்வுக்கால் இல்லாத உயிர் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் லேபிள் எழுதும்போது அந்தக் கையைக் கேட்கவில்லை, ஆங்கிலச் சொல்லைக் கேட்டேன். அன்றிலிருந்து என் வழக்கம் ஒன்றுதான்: ஆங்கிலச் சொல்லிலிருந்து நேரே பிரெஞ்சுக்குத் தாவுவதில்லை. நடுவில் பொருளுக்குப் போய்விட்டு வருவேன். நம் பக்கத்துக் கடல் சமாசாரம் என்றால் பொருளுக்குப் போகிற வழி தமிழ்தான். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஒன்று அகலமாக, முதுகைத் தொட்டால் உள்ளே பலகை மாதிரி கெட்டியாக இருக்கும், அது ஓட்டுக்கணவாய். அதன் ஓட்டைத்தான் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்கள். இன்னொன்று நீளமாக, கூம்பி, உள்ளே கண்ணாடித் தகடு போல மெல்லிய ஊசி மட்டும் இருக்கும், ஊசிக்கணவாய். மூன்றாவதற்கு ஓடும் இல்லை ஊசியும் இல்லை, எட்டுக் கால்தான், பேய்க்கணவாய். பிரெஞ்சுக்காரரும் இதே மூன்று கூறாகத்தான் போடுகிறார்: 'லா ஸேஷ்', 'ல கல்மார்', 'ல பூல்ப்'. ஓட்டுக்கணவாய் ஓட்டை அங்கே கிளிக் கூண்டில் தொங்கவிடுகிறார்கள், 'ஒஸ் த ஸேஷ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆங்கிலத்திலும் மூன்று பெயர் உண்டு என்றாலும், உங்கள் பட்டியலைத் தட்டச்சு செய்தவர் இரண்டு இடத்தில் கட்டில்ஃபிஷ், ஸ்க்விட் இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார். ஆங்கிலத்தை மட்டும் பார்க்கிற செயலிக்கு அது தெரியவே தெரியாது. பக்கத்திலேயே ஓட்டுக்கணவாய் என்று தமிழில் எழுதி வைத்தால் உங்களுக்கு உடனே பிடிபடும்.

காரங்காட்டில் அலையாத்திக்காட்டைப் பார்க்க வரும் ஆட்களைப் படகில் கூட்டிப்போகிறார்களே, அங்கே ஒருமுறை பிரெஞ்சுத் தம்பதிக்கு நான் துணைக்குப் போனேன். ஒரு மரத்தைக் காட்டி, "இது மாங்க்ரோவ்" என்றேன். அந்த அம்மா புரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தார். ஆங்கிலத்தில் 'மேங்க்ரோவ்' என்றால் மரமும் அதுதான், காடும் அதுதான். பிரெஞ்சில் 'மாங்க்ரோவ்' என்றால் காடு மட்டும். மரத்துக்குப் பெயர் 'பலேத்யுவியே'. ஒற்றை மரத்தைக் காட்டி "இது காடு" என்று சொல்லியிருக்கிறேன். தமிழில் இந்தப் பிரிவு நம்மிடம் அப்படியே இருக்கிறது: அலையாத்தி மரம், அலையாத்திக்காடு. தமிழில் யோசித்திருந்தால் வாய் தவறியிருக்காது.

வைகை இன்னொரு உதாரணம். ஆங்கிலத்தில் 'ரிவர்' என்று ஒரே சொல். பிரெஞ்சில் கடலில் போய்ச் சேரும் ஆறு 'ஃப்ளெவ்', இன்னொரு ஆற்றில் சேரும் ஆறு 'ரிவியேர்'. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சிய தண்ணீரோடு ஆற்றங்கரை பக்கம் பாக் நீரிணையில் கலக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் தெரியும், இருந்தாலும் அது ஃப்ளெவ். வைகையில் சேரும் சுருளியாறு ரிவியேர். இந்த வேறுபாட்டைத் தமிழ் சொல்லில் காட்டாது, ஆனால் ஆறு எங்கே போய் முடிகிறது என்று தெரிந்தவனுக்குப் பிரெஞ்சு தானாக வரும். நீரிணைக்குப் பிரெஞ்சில் 'தெத்ருவா'. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் இதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நெல், அரிசி, சோறு மூன்றும் பிரெஞ்சில் 'ரி'. ஆமை கடலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும் 'தொர்த்யு'. தமிழும் இரண்டையும் ஆமை என்றுதான் சொல்கிறது, ஆங்கிலம்தான் இரண்டு பெயர் வைத்திருக்கிறது. ஆகவே மூன்று மொழியும் உலகத்தை மூன்று விதமாகக் கூறு போடுகின்றன. கோடு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்ப்பதுதான் சொல்பெயர்ப்பில் முக்கால் வேலை.

இனி, எல்லாரும் விழுகிற குழி. ஆங்கிலமும் பிரெஞ்சும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 1066-ல் நார்மண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பல தலைமுறைக்குப் பிரெஞ்சுதான் ஓடியது. ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்து குடியேறின. கிடையில் நிற்கும் ஆடு ஆங்கிலத்தில் 'ஷீப்', தட்டுக்கு வந்தால் 'மட்டன்'. மேய்த்தவன் பேசியது ஆங்கிலம், தின்றவன் பேசியது பிரெஞ்சு என்பார்கள். பிரெஞ்சில் இரண்டும் 'மூத்தோன்' தான். வந்து குடியேறிய சொற்கள் அப்படியே நிற்கவில்லை. இக்கரையில் ஒரு பொருள், அக்கரையில் ஒரு பொருள் என்று விலகிப் போயின. இவற்றைப் பிரெஞ்சில் 'ஃபோ ஸமி' என்கிறார்கள், பொய் நண்பர்கள். 1928-ல் இரண்டு பிரெஞ்சு ஆசிரியர்கள் இப்படிப்பட்ட ஆங்கிலச் சொற்களைத் தொகுத்தபோது வைத்த பெயர் அது, நிலைத்துவிட்டது.

ஆங்கில 'லைப்ரரி'யைப் பார்த்து 'லிப்ரேரி' என்று எழுதினால் அது புத்தகக்கடை. நூலகம் 'பிப்லியொதெக்'. ஆங்கில 'ஆக்சுவலி'க்கு 'அக்த்யுயெல்மான்' போட்டால் 'இப்போதைக்கு' என்று பொருளாகிவிடும், வேண்டியது 'ஆன் ஃபேத்'. 'ஈவென்சுவலி' என்றால் கடைசியில் நடந்தே தீரும், அதே சாயலில் உள்ள 'எவாந்த்யுயெல்மான்' என்றால் நடந்தாலும் நடக்கலாம். "சரக்கு கடைசியில் வந்து சேரும்" என்று எழுத நினைத்து "வந்தாலும் வரும்" என்று எழுதினால், பணம் கட்டியவர் என்ன நினைப்பார்? அந்த இடத்தில் 'ஃபினால்மான்' என்று எழுதுங்கள்.

உங்கள் பட்டியலில் 'ப்ரிசர்வேட்டிவ்' என்று ஒரு சொல் இருக்கிறது, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். செயலிகள் இப்போது இதைச் சரியாகவே தருகின்றன. ஆனால் கையால் எழுதுகிறவர்கள் ஒலி ஒற்றுமையை நம்பி 'ப்ரெஸெர்வாத்திஃப்' என்று எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சில் அதற்கு ஆணுறை என்று பொருள். இறால் பெட்டி மேல் அது போனால் அந்த நிறுவனத்தின் மானமே போய்விடும். சரியான சொல் 'கொன்ஸெர்வாத்தெர்'. இந்த ஒரு சொல்லையாவது சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்துக்கு உங்கள் பட்டியலில் 'பேன்' என்று ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சிலும் அதே எழுத்தில் 'பான்' என்று ஒரு சொல் உண்டு, ஆனால் அது பொது அறிவிப்பு. மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்களே, அந்த ஓலைக்குப் பிரெஞ்சில் பன்மையில் 'லே பான்'. தடைக்கு 'ஆந்தெர்திக்ஸியோன்' என்றுதான் போட வேண்டும்.

பொய் நண்பர்களில் என் மனதை மிகவும் தொடுவது நம்முடைய சொல்தான். கட்டுமரம் தமிழிலிருந்து ஆங்கிலம் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கும் போய் 'கத்தமரான்' ஆனது. வெட்டிவேரும் அப்படியே 'வெத்திவேர்' என்று பிரெஞ்சில் இருக்கிறது, அத்தர் கடைகளில் அதன் மணம் கிடைக்கும். வெட்டிவேர் பொருள் மாறவில்லை. கட்டுமரம் மாறிவிட்டது. இன்று பிரெஞ்சுக்காரரிடம் கத்தமரான் என்றால், இரட்டை அடிப்பாகம் கொண்ட வெள்ளைப் பாய்மரப் படகுதான் அவர் கண்ணில் வரும். நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டி, கடல் தண்ணீர் இடுக்கு வழியாக ஏறி இறங்க, அதன் மேல் முழந்தாளிட்டுப் போன நம் தாத்தாக்கள் வரமாட்டார்கள். ஆகவே கட்டுமரத்தைப் பிரெஞ்சில் எழுதும்போது 'ரதோ' என்ற சொல்லை, அதாவது மிதவையை, எடுத்து 'மரங்களைக் கட்டிச் செய்த ரதோ' என்று விரித்துத்தான் எழுதுகிறேன். பக்கத்தில் 'கட்டுமரம்' என்ற பெயரையும் விடாமல் எழுதுகிறேன்.

படகு என்றதும் இன்னொன்று. நாம் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசுவதில் பாதி இந்திய ஆங்கிலம். 'கன்ட்ரி போட்' என்றால் நம் அலுவலகங்களில் நாட்டுப்படகு. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நாட்டுப்புறத்துப் படகு' என்று ஏதோ குளத்தில் விடும் படகாகிவிடும். சின்ன வள்ளமாக இருந்தால் 'பார்க்', மடி, அதாவது இழுவலை, இழுக்கும் விசைப்படகாக இருந்தால் 'ஷல்யுத்தியே'. 'ஹோட்டல்' என்று நாம் சாப்பாட்டுக் கடையைச் சொல்கிறோம். பிரெஞ்சில் 'ஒதெல்' என்றால் தங்குவதற்கு அறை இருக்க வேண்டும், சாப்பாடு மட்டும் என்றால் 'ரெஸ்தொரான்'. இந்த மாதிரிச் சொற்களை முதலில் தமிழாக்கிப் பார்த்துவிட்டால் ஏமாற மாட்டீர்கள். நாட்டுப்படகு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், கன்ட்ரி போட் என்றால் என்ன என்று பாரிசில் யாருக்கும் தெரியாது.

எண்ணும் சொல்தான், அதையும் பெயர்க்க வேண்டும். லட்சத்துக்குத் தனிச்சொல் அங்கே வழக்கில் இல்லை, 'ஸான் மில்', நூறு ஆயிரம் என்று சொல்ல வேண்டும். கோடி என்றால் பத்து மில்லியன். ஆங்கில 'பில்லியன்' நூறு கோடி, பிரெஞ்சில் அதற்கு 'மில்யார்'. பிரெஞ்சிலும் 'பில்யோன்' என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஒரு லட்சம் கோடி. புள்ளியும் காற்புள்ளியும்கூட இடம் மாறும். அவர்கள் தசமத்துக்குக் காற்புள்ளி போடுகிறார்கள், ஆயிரத்துக்கு இடைவெளி விடுகிறார்கள். நீங்கள் 2,500 கிலோ என்று எழுதினால் அங்கே இரண்டரை கிலோ என்று படிக்க இடமிருக்கிறது. 2 500 என்று எழுதுங்கள்.

எழுத்தின் தலையில் நிற்கும் குறிகளை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். மீனவருக்குப் பிரெஞ்சில் 'பெஷெர்', முதல் உயிரெழுத்தின் மேல் கூரை மாதிரி ஒரு குறி. கூரையை எடுத்துவிட்டுச் சாய்ந்த கோடு போட்டால் 'பேஷெர்', பாவி. 'பாம்பன் மீனவர் சங்கம்' என்று அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டிய இடத்தில் பாவிகள் சங்கம் என்று எழுதக் கூடாதல்லவா? தமிழில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போல அதுவும் எழுத்தின் உடம்பில் ஒரு பாகம்.

பால் வேறுபாடும் அப்படித்தான். நமக்கு உயிரற்றதெல்லாம் அஃறிணை, அதோடு முடிந்தது. பிரெஞ்சில் கடல் பெண், காற்று ஆண், வலை ஆண், அலை பெண். காரணம் தேடாதீர்கள், சொல்லோடு சேர்த்தே படியுங்கள். 'வுவால்' என்ற ஒரே சொல்லுக்கு முன்னால் 'லா' வந்தால் பாய்மரத்தின் பாய், 'ல' வந்தால் முக்காடு. 'மூல்' என்ற சொல்லும் 'லா' வந்தால் கல்லில் ஒட்டி வாழும் கறுப்புச் சிப்பி, 'ல' வந்தால் வார்ப்பு அச்சு. உங்கள் பட்டியலில் இந்த 'ல', 'லா' இல்லாமல் எழுதிய பிரெஞ்சுச் சொல் பாதிச் சொல்தான்.

இரண்டு சொல் சேர்ந்து வரும் இடத்தில் நாமும் ஆங்கிலமும் ஒரே கட்சி. மீன் சந்தை, கடல் தண்ணீர், இரண்டிலும் முக்கியச் சொல் கடைசியில் நிற்கிறது. பிரெஞ்சு அதை முன்னால் கொண்டுவந்து, நடுவில் ஒரு சிறு சொல்லைச் செருகும். 'மார்ஷே ஓ புவாஸோன்', சந்தை முதலில், மீன் பிறகு. அந்தச் சிறு சொல்லில்தான் பொருள் இருக்கிறது. 'தாஸ் அ தே' என்றால் டீ குடிக்கிற கோப்பை, காலியாகக்கூட இருக்கலாம். 'தாஸ் த தே' என்றால் கோப்பை நிறைய டீ. விருந்தினருக்கு எதைக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இனி நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கும் இடம். தமிழ் பேசுகிறவனுக்குச் சில பிரெஞ்சு வாக்கியங்கள் ஆங்கிலக்காரனைவிட எளிதாக வரும். "எனக்கு உப்பு வேண்டும்" என்பதை ஆங்கிலத்தில் நினைத்தால் 'நான்' எழுவாயாக முன்னால் வந்து நிற்கும். பிரெஞ்சில் 'இல் ம ஃபோ த்யு ஸெல்' என்று ஒரு வழி உண்டு. அதில் 'ம' என்பது நம் 'எனக்கு' தான். "எனக்குப் பிடிக்கிறது" என்பது 'ஸ ம ப்ளே'. அதிலும் 'எனக்கு' இருக்கிறது. நான்காம் வேற்றுமை நம் நாக்கில் இருப்பதால் இது நமக்கு வீட்டு வழக்கம் மாதிரி.

எங்கள் தெருவில் ஒரு பெண், கணவர் வளைகுடா நாட்டில் வேலையில் இருக்கிறார். பிரெஞ்சு படிக்க வந்தவள், ஆங்கில 'ஐ மிஸ் யூ'வைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். பிரெஞ்சில் 'த்யு ம மான்க்' என்றேன். 'நீ எனக்குக் குறைகிறாய்' என்ற அமைப்பு. பிரிந்து போனவர்தான் எழுவாய், தவிப்பவர் 'எனக்கு'. ஆங்கிலம் வழியாக வருகிற மாணவர்கள் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள், 'நான் உனக்குக் குறைகிறேன்' என்று. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா, நம்ம 'எனக்கு உங்களைத் தேடுது' மாதிரியா?" என்றாள். அதேதான். 'பிள்ளைக்கு அத்தாவைத் தேடுது' என்று கீழக்கரை வீடுகளில் சொல்வதைக் கேட்டவளுக்கு அந்த 'எனக்கு' எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த வாக்கியத்தில் தவறவே இல்லை. 'நீ', 'நீங்கள்' என்பதும் அப்படியே 'த்யு', 'வூ'. ஆங்கிலத்தில் அந்த மரியாதை வித்தியாசம் இல்லை, செயலி எதையாவது ஒன்றைத் தரும். வாடிக்கையாளருக்கு எப்போதும் 'வூ'.

யாருக்கு அனுப்புகிறீர்கள் என்றும் பார்க்க வேண்டும், கனடா என்றும் சொன்னீர்களே. கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் பிரெஞ்சு, ஆங்கிலச் சொல்லை உள்ளே விடுவதில் கறார். பிரான்சில் சாதாரணமாக 'வீக்கெண்ட்' என்கிறார்கள், கியூபெக்கில் 'ஃபேன் த ஸ்மேன்', வாரத்தின் முடிவு. மின்னஞ்சலுக்குக் 'கூரியெல்' என்ற சொல் கியூபெக்கில் செழித்து, 2003-ல் பிரான்ஸ் அரசும் ஏற்றது. சாப்பாட்டு நேரத்தில் கவனம் வேண்டும்: 'தெஜனே' என்றால் பிரான்சில் மதியச் சாப்பாடு, கியூபெக்கில் காலைப் பலகாரம். 'தினே' பிரான்சில் இரவுக்கு, கியூபெக்கில் மதியத்துக்கு.

புதுப் பொருளுக்குப் புதுச் சொல் உண்டாக்குவதில் அவர்களுக்கும் நம்மைப் போலவே பிடிவாதம் உண்டு. 1955-ல் ஐபிஎம் நிறுவனம் கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சுப் பெயர் கேட்டபோது, ழாக் பெரே என்ற இலத்தீன் பேராசிரியர் 'ஒர்தினாத்தெர்' என்று எழுதிக் கொடுத்தார். உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனைக் குறிக்கப் பழைய நூல்களில் இருந்த சொல் அது. இன்று பிரான்சில் குழந்தைகூட அதைத்தான் சொல்கிறது. நாம் கணினி என்று சொல்வதைப் போல. ஆகவே ஆங்கிலச் சொல்லே பிரெஞ்சிலும் ஓடும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். 1994-ல் வந்த சட்டப்படி பிரான்சில் விற்கும் பொருளின் விவரமும் பயன்படுத்தும் முறையும் பிரெஞ்சில் இருந்தாக வேண்டும். மீனுக்கு இன்னொரு கட்டாயம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு விதி, விற்பனைப் பெயரோடு அறிவியல் பெயரும் கேட்கிறது.

அந்த அறிவியல் பெயர்தான் உங்களுக்குக் காவல், முழுப்பெயராகப் பார்த்தால். பாக் நீரிணையில் வலையில் விழும் நீல நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் 'க்ராப் ப்ளே' என்று எழுதினால், பிரான்சில் அந்தப் பெயருக்கு வேறு நண்டு நினைவுக்கு வரும். அமெரிக்காவிலிருந்து வந்து மத்தியதரைக் கடற்கரையில் பெருகி, அங்கத்து மீனவர் வலையைக் கிழிக்கும் நண்டு அது. நம் நண்டின் முழு அறிவியல் பெயர் பக்கத்தில் இருந்தால் குழப்பம் வராது. சந்தேகமான இனம் என்றால் மண்டபத்துக்குப் போங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கியது, பல காலம் அதன் தலைமையிடமே மண்டபம் முகாம்தான். கையில் மீனோடு போய் நின்றால் பெயர் சொல்ல ஆள் இருக்கிறது.

செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். முழு வாக்கியமாகக் கொடுத்தால் நன்றாகவே செய்கிறது. ஒற்றைச் சொல்லாகக் கொடுத்தால் அதற்கு எந்தக் கடல், எந்தக் கரை என்று தெரியாது, கூட்டத்தில் அதிகம் புழங்கும் பொருளை எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் பட்டியலில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் ஒரு பத்தி கோடு போட்டு, முதலில் தமிழை நிரப்புங்கள். தெரியாததை ஊகிக்காமல் அம்மாவிடமோ, கரையில் ஏலம் கூறுகிறவரிடமோ கேட்டு நிரப்புங்கள். பிறகு பிரெஞ்சுச் சொல்லை 'ல', 'லா'வோடு எழுதி, பிரெஞ்சு அகராதியிலேயே அதன் விளக்கத்தைப் படியுங்கள், ஆங்கில–பிரெஞ்சு அகராதியில் நிறுத்திவிடாதீர்கள். விளக்கம் சொல்லும் உருவம் நீங்கள் தமிழில் எழுதிய பொருளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இணையத்தில் அந்தப் பிரெஞ்சுச் சொல்லைப் போட்டுப் படம் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். அன்றைக்கு ஒமாருக்குப் படம் பார்த்திருந்தால் அந்தக் கவ்வுக்கால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கும். நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கும் உச்சரிப்பு கிட்டத்தட்டத்தான், மூக்கொலியெல்லாம் நம் எழுத்தில் அடங்காது, கேட்டுப் பழகுங்கள்.

பட்டியலின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். 'ஷெல்' என்ற சொல் நான்கு இடத்தில் இருக்கிறது, நான்கிலும் நீங்கள் 'கொக்கீயாழ்' என்று எழுதியிருக்கிறீர்கள். கரையில் பொறுக்கும் சிப்பி, சோழிக்கு அது சரி. நண்டு, இறாலின் ஓடு என்றால் 'கராப்பாஸ்'. முட்டை ஓடு, தேங்காய்ச் சிரட்டை என்றால் 'கொக்கீ'. ஊதும் சங்கு என்றால் 'கோன்க்'. நான்காவது இடத்தில் பக்கத்தில் 'ஆன்' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து 'ஷெல் ஆன்' என்று இருக்கிறது, அது ஓடு நீக்காத இறாலாக இருக்கலாம், வேறு சரக்காகவும் இருக்கலாம். நிறுவனத்தில் சரக்குக் கட்டுகிற அக்காமாரிடம் எது எது என்று கேட்டு, தமிழில் எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு இரண்டாம் பக்கத்தைத் தொடுவோம்.